தங்கய்யனுக்கு எத்தனை மரம்?

நாவல் எழுதி, சொந்தக் காசில் அச்சடித்து, அது யாரிடமும் போய்ச் சேராமல் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கிடப்பதைப் பார்க்கும் வேதனையை அனுபவித்தவர்களுக்கு நான் ஒன்றும் விளக்க வேண்டாம். எழுதத் தொடங்கியிருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இரண்டரை வருடமும் 83,500 ரூபாயும் போனது. அதில் 74,000 அச்சுக்கும் அட்டைக்கும் திருத்தத்துக்கும். மிச்சம் 9,500 ஒரு ஆன்லைன் எழுத்துப் பயிற்சிக்கு. அச்சுக் காசுக்காக ஒரு ஜோடி வளையலை அடகு வைத்தேன், அந்த வட்டி இந்தக் கணக்கில் சேரவில்லை. 300 பிரதியில் விற்றது 43. சொந்தக்காரர்களுக்கும் கூட வேலை செய்பவர்களுக்கும் 30 வரை கொடுத்திருப்பேன். அவர்களில் படித்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள், ஆனால் ஒருவர்கூட அதில் வரும் ஒரு ஆளைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் ஏன் அப்படிச் செய்தான், அவள் அப்புறம் என்ன ஆனாள் என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், நான் அழுதிருக்க மாட்டேன்.

நான் குலசேகரம் பக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம், பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் கேரளா. எங்கள் வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் ரப்பர் தோட்டம். தமிழ்நாட்டு ரப்பரில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தில்தான் விளைகிறது. அதனால் என் நாவலின் நாயகன் தங்கய்யன் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி, அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவன், என்று முடிவு செய்தபோது எனக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. பிறந்தது முதல் பார்க்கிற தொழில், இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று நினைத்தேன். நான் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். தினமும் பஸ்ஸில் போகவர ரப்பர் மரங்களைத்தான் பார்க்கிறேன். ஆனால் பார்ப்பது வேறு, தெரிந்துகொள்வது வேறு. அது எனக்குப் புத்தகம் அச்சான பிறகுதான் புரிந்தது.

புரியவைத்தவர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தோட்டத்தில் பால் வெட்டும் ஒரு மாமா. அறுபது வயது தாண்டியவர், பத்தாம் வகுப்புவரை படித்தவர், பத்திரிகை விடாமல் வாசிப்பார். புத்தகத்தில் ஒரு பிரதியை ஆசையாக அவருக்குக் கொடுத்தேன். நாலு நாள் கழித்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். "மக்களே, இந்தத் தங்கய்யன் எத்தன மரம் வெட்டுவான்?" எனக்குப் பதில் தெரியவில்லை. "செரி, அவன் சாயங்காலம் பால் வெட்டுதான்னு எழுதியிருக்கியே, அது எந்த ஊருல?"

நான் அந்தக் காட்சியை எட்டு முறை திருத்தி எழுதியிருந்தேன். சூரியன் மறையும் நேரம், சிவந்த வெயில் வெள்ளைப் பாலில் விழுகிறது, தங்கய்யன் தன் செத்துப்போன அம்மாவை நினைக்கிறான். நாவலிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. ஆனால் ரப்பர் மரத்தை வெயில் ஏறிய பிறகு யாரும் வெட்டமாட்டார்கள். விடியற்காலைக் குளிரில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகம், அப்போதுதான் பால் நன்றாக ஊறி வரும். வெயில் ஏற ஏறப் பால் குறையும். அதனால் நாலு, நாலரைக்கே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். நாற்பது வருடம் அந்தத் தோட்டத்துக்குப் பக்கத்தில் உறங்கியிருக்கிறேன், அந்த விளக்கு மரத்துக்கு மரம் நகர்வதை ஒருநாள்கூட எழுந்து பார்த்ததில்லை. அன்று எனக்கு வந்தது வெட்கம் மட்டும் இல்லை, பயமும்தான். தங்கய்யன் என்று நான் இரண்டரை வருடம் கூடவே வைத்திருந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது என்ற பயம்.

இத்தனைக்கும் நான் அவனைப் பற்றி 47 பக்கம் எழுதி வைத்திருந்தேன். அந்தப் பயிற்சியில் ஒரு படிவம் கொடுத்தார்கள், 120 கேள்வி. பிடித்த நிறம், பிடித்த சாப்பாடு, ராசி, உயரம், சின்ன வயதில் மறக்க முடியாத சம்பவம், வாழ்க்கை லட்சியம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் நிரப்ப வேண்டும். ஒன்றரை மாதம் உட்கார்ந்து ஏழு பேருக்கு நிரப்பினேன். தங்கய்யனுக்கு நீலம் பிடிக்கும், மரச்சீனியும் மீன்குழம்பும் பிடிக்கும், உயரம் ஐந்தடி ஏழு அங்குலம். இதில் ஒன்றுகூட நாவலில் எந்த முடிவையும் மாற்றவில்லை. கதையில் அவன் ஏதாவது செய்ய வேண்டிய இடம் வந்தால் படிவத்தில் பதில் இருக்காது, கதைக்கு எது வசதியோ அதை நானே அவன் கையால் செய்யவைத்தேன். படிவமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அந்த 120 கேள்வியில் ஒன்று மட்டும் பிறகு எனக்கு நிஜமாகவே உதவியது: கடைசியாக எப்போது பொய் சொன்னான், யாரிடம்? மற்றதையெல்லாம் நிரப்புவதற்கு முன்னால் உங்கள் ஆள் காலையில் எத்தனை மணிக்கு எழுவான், எழுந்ததும் முதலில் எதைத் தொடுவான், யாருக்குக் கடன்பட்டிருக்கிறான் என்று கேளுங்கள். இந்த மூன்றுக்கும் பதில் தெரியாவிட்டால் பிடித்த நிறத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

அதே நாவலைத் திரும்ப எழுதுவது என்று முடிவு செய்து, அடுத்த வாரமே மாமாவிடம் கேட்டு, ஒருநாள் காலையில் அவர்கூடப் போனேன். இன்னொரு டார்ச் எடுத்துக்கொண்டேன். முதலில் அவர் முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டியிருந்த பாலை நார் மாதிரி உரித்து இடுப்புப் பையில் போட்டார், அதுதான் ஒட்டுப்பால். அப்புறம் கத்தியை வைத்து இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக ஒரே இழுப்பு. பட்டை சீவல் மெல்லிசாகச் சுருண்டு விழுந்தது. ஒரு நொடி ஒன்றும் இல்லை, பிறகு வெட்டு முழுவதும் பால் புள்ளிபுள்ளியாகப் பூத்து, சேர்ந்து, வெட்டின் சாலில் ஓடிக் கீழே கட்டியிருந்த சிரட்டையில், அதாவது கொட்டாங்குச்சியில், சொட்டத் தொடங்கியது. அதைப் பார்க்க அவர் நிற்கவில்லை, அடுத்த மரத்துக்குப் போய்விட்டார். ஒரு மரத்துக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்தின் உள்தோல் காயப்பட்டு அந்த இடம் முண்டு கட்டிவிடும், பிறகு பட்டை சரியாக வளராது என்றார். ஆழம் குறைந்தால் பால் வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருட்டில் 350 மரம். வழியில் பாம்பு இருக்கும், பன்றி இருக்கும். அவர் மரங்களை எண்ணுவதும் காதில் விழுந்தது, மலையாளத்தில் எண்ணினார். என்ன மாமா என்றதற்கு, சின்ன வயசில் பன்னிரண்டு வருசம் கோட்டயம் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்தேன், தொழில் படிச்சது அங்க, எண்ணம் மட்டும் அங்கேயே நிக்குது என்றார்.

வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிய முதல் வரி, தங்கய்யன் மரத்தை எந்த மொழியில் எண்ணுவான்? எல்லைப் பக்கத்தில் கதை எழுதுகிறவர்கள் இதை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் கேட்டே ஆக வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த மொழியில் எண்ணுகிறார், எதில் திட்டுகிறார், எதில் ஜெபிக்கிறார், மாமியாரிடம் எதில் பேசுகிறார். என் நாவலில் ஒரு பாட்டி வருவார், 1939ல் பிறந்தவர், விளவங்கோடு தாலுகா. தினமும் தமிழ்ப் பத்திரிகை வாசிப்பதாக எழுதியிருந்தேன். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி. அன்றைக்கு அந்தப் பாட்டிக்குப் பதினேழு வயது, படிப்பெல்லாம் அதற்கு முன்பே, பெரும்பாலும் மலையாளத்திலேயே, முடிந்திருக்கும். என் சொந்தப் பாட்டி வீட்டில் தமிழ்தான் பேசுவார், ஆனால் பால்கணக்கை மலையாளத்தில்தான் எழுதுவார், பணத்தைச் சாகும்வரை பழைய திருவிதாங்கூர் காசின் பெயரால் சக்கரம் என்றுதான் சொன்னார். இது என் வீட்டிலேயே இருந்தது, என் புத்தகத்தில் இல்லை. தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு தமிழ்ப் பாட்டி பேரனிடம் பத்திரிகையைக் கொடுத்து வாசிக்கச் சொல்கிறார் என்று வைத்துப் பாருங்கள். அந்தப் பேரன் சில செய்திகளை வேண்டுமென்றே விட்டுவிட்டு வாசிக்கிறான் என்றால் ஒரு அத்தியாயமே கிடைத்துவிடும். பிறந்த வருடத்தை எழுதி, அதன் பக்கத்தில் ஊரில் அந்தந்த வருடம் என்ன நடந்தது என்று எழுதி, அப்போது அந்த ஆளுக்கு என்ன வயது என்று கூட்டிப் பார்ப்பதற்கு ஒரு சாயங்காலம் போதும். நான் அதைச் செய்யவில்லை.

எனக்கு மிகவும் பயன்பட்டது என்னுடைய சொந்தத் தொழில்தான், கணக்கு. தங்கய்யனுக்கு ஒரு வருட வரவுசெலவு எழுதினேன். மாமாவிடம் கூலி கேட்டுத் தெரிந்துகொண்டேன். வெட்டினால்தான் கூலி. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் ஒரு மரத்தை வெட்டலாம், அதனால் இரண்டு தோட்டம் வைத்துக்கொண்டு மாறிமாறிப் போவான். சரி, வருமானம் வந்துவிட்டது என்று நினைத்து மாதமாதமாகப் பிரித்தபோதுதான் தெரிந்தது. எங்கள் பக்கம் இரண்டு பருவமழையும் பெய்யும். மழை பெய்தால் பட்டை நனைந்து பால் சாலில் நிற்காமல் ஒழுகிப் போகும், சிரட்டையில் தண்ணீர் நிறையும். வெட்டில் மழை படாமல் மரத்தில் பிளாஸ்டிக் கட்டாத தோட்டம் என்றால் அன்றைக்கு வேலை இல்லை. தை, மாசியில் இலை உதிர்ந்து புது இலை முற்றும்வரை வெட்டை நிறுத்திவிடுவார்கள். என் கணக்குப்படி ஜூன் மாதத்தில் தங்கய்யனுக்குப் பதினோரு நாள் வேலை இல்லை. அதே ஜூனில்தான் பள்ளிக்கூடம் திறக்கிறது, இரண்டு பிள்ளைகளுக்கு ஃபீஸ், புத்தகம், சட்டை, குடை. நோட்டில் அந்த மாதம் மட்டும் துண்டு விழுந்துகொண்டே இருந்தது. எப்படிக் கூட்டினாலும் அவன் கடன் வாங்கியே தீர வேண்டும், ஒரு வருடம் இல்லை, ஒவ்வொரு ஜூனிலும். யாரிடம்? வட்டிக்கு வாங்கினால் அடுத்த ஜூனுக்குள் அடையாது. அப்படியானால் வட்டி இல்லாமல் கொடுக்கிற ஒருவர். கதையில் அப்படி ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறான், மனைவியின் அண்ணன்.

இதை எழுதியபோது ராத்திரி மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும், எனக்குக் கை நடுங்கியது. முதல் புத்தகத்தில் அந்த மச்சான் தங்கய்யனை ஊர்நடுவில் அவமானப்படுத்துவான், தங்கய்யன் பதில் பேசாமல் தலைகுனிந்து போவான். ஏன் பேசவில்லை என்று எனக்கே தெரியாது, அவன் சாது என்று எழுதி முடித்திருந்தேன். அவன் சாதுவும் இல்லை ஒன்றும் இல்லை. ஒன்பது ஜூன் மாதம் அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, கேட்காமலே கேட்டு, பணத்தை மனைவி கையில் வாங்கவைத்தவன். வாயைத் திறந்தால் மகளின் படிப்பு நிற்கும். இந்த ஒரு கணக்கு தெரிந்ததும் அவன் மௌனத்துக்கு ஒரு விலை வந்துவிட்டது. உங்கள் பாத்திரத்துக்கு ஒரு மாதக் கணக்காவது எழுதிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். பணக்காரப் பாத்திரம் என்றாலும் எழுதுங்கள், அவர்களும் எதையோ மறைத்துச் செலவு செய்கிறார்கள்.

அப்புறம் அவனைப் பேசவைக்க வேண்டியிருந்தது. முதல் புத்தகத்தில் அவன் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசினான். இப்போது மார்த்தாண்டம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்பேன், இறங்குவதற்குள் அவன் பதிலை அவன் பேச்சிலேயே போனில் தட்டிவிடுவேன். நாவலில் வட்டார வழக்கு எவ்வளவு வேண்டும் என்பது வேறு விஷயம், ஆனால் நோட்டில் அவன் வாயால் எழுதினால்தான் அவன் வருகிறான். முதல் பத்து நாள் என் கருத்துகளைத்தான் அவன் சொன்னான். பதினோராவது நாளோ என்னவோ, பொய்யைப் பற்றிய அந்தக் கேள்வியைக் கேட்டேன். "மகளுக்க ஸ்கூலுல மீட்டிங்குக்கு வரச் சொன்னாவ. வேலை உண்டுன்னு சொன்னேன். அன்னைக்கி மழ, வேலை ஒண்ணும் இல்ல." ஏன் போகவில்லை என்று கேட்டேன். கை நாறும் என்றான். ஒட்டுப்பால் நாற்றம் ஒருமுறை பக்கத்தில் போய்ப் பாருங்கள், சோப்புப் போட்டாலும் விரல் இடுக்கில் நிற்கும். போன வருடம் மீட்டிங்கில் பக்கத்தில் இருந்தவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார், மகள் அதைப் பார்த்தாள். இது நான் யோசித்து வைத்தது இல்லை. மாமாவின் இடுப்புப் பை என் மூக்கில் நின்றிருந்தது, அதுதான் இப்படி வெளியே வந்தது என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுத்தது தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உணர்ச்சிகள் வெளியே தெரிவதைப் பற்றிய பகுதி. கல்லூரியில் பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்திருந்தேன். நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டு, ஒவ்வொன்றும் பிறக்க நான்கு காரணம். அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை. அதாவது இழிவுபட்டு அழுவது, இழந்து அழுவது, இருந்த நிலை கெட்டு அழுவது, இல்லாமையால் அழுவது. என் தங்கய்யன் இதில் எதற்கு அழுவான்? முதல் புத்தகத்தில் வறுமைக்கு அழுதான், ஏழை என்றால் அதற்குத்தான் அழ வேண்டும் என்று நானே முடிவு செய்திருந்தேன். வறுமை அவனுக்குப் பழகியது, அதற்கு அவன் அழமாட்டான். அவன் அழுவது இளிவுக்கு, அந்த நகர்ந்த நாற்காலிக்கு. அச்சத்துக்குச் சொன்ன அணங்கு (பேய், தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை என்ற நாலையும் வைத்துப் பார்த்தேன். இருட்டில் பாம்புக்கு நடுவே நடக்கிறவனுக்கு விலங்கு பயம் இல்லை, தனக்கு மேலே இருக்கும் ஆளைப் பற்றிய பயம்தான், அது மச்சான். எட்டையும் நிரப்பத் தேவையில்லை. அழுகை, அச்சம், வெகுளி, பெருமிதம் இந்த நான்கையும் கேட்டாலே ஆள் பாதி பிடிபட்டுவிடுவான். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே காரணத்துக்கு அழுதால் மட்டும் மறுபடி யோசியுங்கள், அதில் ஒருவரை இன்னும் தெரிந்துகொள்ளவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு நஷ்டத்தையும் சொல்ல வேண்டும், இதைக் காசில் எழுத முடியாது. தங்கய்யனின் அக்கா ரோசம்மாவை நான் என் சித்தியைப் பார்த்து அப்படியே எழுதினேன். நிலத்தை விற்றது, நாத்தனாரோடு கோர்ட்டுக்குப் போனது, வாக்கியத்துக்கு வாக்கியம் "கேட்டியா" என்பது எல்லாம். பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். புத்தகம் வந்த மூன்றாம் வாரம் சித்தி என் அம்மாவுக்குப் போன் செய்து, உன் மகள் என்னைச் சந்தையில் வைத்து வித்துட்டாள் என்றார். நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். சாயா போட்டுக் கொடுத்தார், நான் குடித்து முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு வருடம் ஆகிறது, அம்மாவோடு பேசுகிறார், என்னோடு இல்லை. வலி ஒருபக்கம், அதைத் தவிர எழுத்தாகவும் அது தோல்வி. சித்தி என்ன செய்தார் என்பது எனக்குத் தெரியும், ஏன் செய்தார் என்று தெரியாது, கேட்கவும் இல்லை. தெரிந்த மனிதரை எடுத்து வைத்ததால் பாத்திரத்தைத் தெரியும் என்று நம்பிவிட்டேன். இப்போது பேச்சை ஒருவரிடம், தொழிலை இன்னொருவரிடம், பயத்தை எனக்குள்ளிருந்து எடுக்கிறேன். முக்கியமாகத் தொழிலை மாற்றிவிடுகிறேன். புதிய ரோசம்மா முந்திரி ஆலையில் கொட்டையின் ஓட்டை உடைக்கிறாள், அதிலிருந்து கசியும் எண்ணெய் கையைப் பொத்துப்போகச் செய்யும் என்பதால் சாம்பலைத் தடவிக்கொண்டு உட்காருகிறாள். கை கறுத்த ஒருத்தியாக ஆனதும் அவள் சித்தியிடமிருந்து தானாகவே விலகிப் போய்விட்டாள்.

இவ்வளவையும் சேர்த்த பிறகு இதையெல்லாம் நாவலுக்குள் கொட்டிவிடத் துடிப்பு வரும், அதையும் செய்தேன், முதல் இரண்டு அத்தியாயம் தோட்டக்கலைப் பாடம் மாதிரி ஆகிவிட்டது. அறுபது பக்கத்தைத் தூக்கிப் போட்டேன். ஜூன் மாதக் கணக்கு நாவலில் எங்குமே இல்லை. தங்கய்யன் மச்சான் வீட்டுக்குப் போகும்போது செருப்பைப் படிக்கு ரொம்பத் தள்ளிக் கழற்றி வைக்கிறான், அவ்வளவுதான் இருக்கிறது.

புதிய பிரதி பாதியில் நிற்கிறது. இந்த முறை அச்சுக்குக் காசு கொடுக்கப் போவதில்லை, முடிந்த பிறகு பார்க்கலாம். மாமாவுக்கு அத்தியாயம் அத்தியாயமாக வாசித்துக் காட்டுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது வருசத்துக்குப் பிறகு தங்கய்யன் கடன் கேட்கப் போகாமல் இருக்கிற இடத்தை வாசித்தேன். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பம் அந்த ஜூனுக்கு ஃபீஸ் எப்பிடிக் கட்டினான்?" என்று கேட்டார். எனக்கு அது இன்னும் தெரியவில்லை. நாளைக்குப் பஸ்ஸில் தங்கய்யனிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.